வழிகாட்டிகளைப் பார்த்துக் கப்பல் ஏறுங்கள்

அண்டார்க்டிகாவுக்குப் போவது என்று முடிவான பிறகு, கப்பல் நிறுவனங்கள் அனுப்பிய வண்ணக் கையேடுகளில் நான் முதலில் தேடியது இரண்டு எண்களை. கப்பலில் எத்தனை பயணிகள், எத்தனை வழிகாட்டிகள். அறைகளின் வசதி, உணவுக்கூடம், வெந்நீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாகப் படம் போட்டிருந்தார்கள். இந்த இரண்டு எண்களோ கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தன. சில கையேடுகளில் இரண்டாவது எண்ணே இல்லை. அந்தக் கப்பல்களை அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

காரணம் உண்டு. அண்டார்க்டிகாவில் பயணிகளை இறக்கும் நிறுவனங்கள் 1991இல் ஒன்றுகூடி ‘ஐயாட்டோ’ என்ற பன்னாட்டுச் சங்கத்தைத் தொடங்கின. அதன் விதிகள் கண்டிப்பானவை. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பலிலிருந்து ஒருவரும் கரையில் கால்வைக்க முடியாது. தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சிறிய கப்பல் என்றாலும் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது கூடவே இருக்க வேண்டும். அதாவது 200 பேர் பயணம் செய்யும் கப்பலில் பாதிப் பேர் கரையில் நிற்கும்போது மீதிப் பேர் படகிலோ கப்பலிலோ காத்திருப்பார்கள். நூற்றுக்கும் குறைவானவர்கள் செல்லும் கப்பல் என்றால் எல்லோரும் சேர்ந்து இறங்கலாம். கரையில் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குக் கூடும். நான் அப்படிப்பட்ட சிறிய கப்பலையே தேர்ந்தெடுத்தேன். அதன் வழிகாட்டிகள் பட்டியலில் ஒரு பனியாறு ஆய்வாளர், ஒரு பறவையியலாளர், கடல் உயிரியல் படித்த இருவர், ஒரு நிலவியலாளர், துருவ வரலாறு சொல்பவர் ஒருவர் என்று ஒரு சிறிய கல்லூரியே இருந்தது.

நான் பள்ளியில் புவியியல் கற்பித்தவள். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தின் அடியில், கிழிந்த ஓரம்போல நீண்டு கிடக்கும் வெள்ளைப் பட்டைதான் என் மாணவர்கள் அறிந்த அண்டார்க்டிகா. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்த கணக்கில் அந்தக் கண்டம் அப்படி ஆகிவிடுகிறது. உண்மையில் அது ஏறக்குறைய 1.4 கோடி சதுர கிலோமீட்டர். உலகின் பனிக்கட்டியில் சுமார் 90 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. பாடநூல் அதற்கு ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தது. அந்தப் பத்திக்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடிந்ததில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

கப்பல் அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவிலிருந்து புறப்பட்டது. பயணிகளை ஏற்றியதும் முதல் வேலை உயிர்காப்புப் பயிற்சி. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை அணிந்து, மூடிய உயிர்காப்புப் படகுகளுக்கு எதிரே வரிசையில் நின்றோம். வரலாற்று வழிகாட்டி அங்கேயே தன் முதல் பாடத்தைச் சொல்லிவிட்டார். லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் என்பவர் 1966இல் பொதுமக்களை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துவந்தார். பார்ப்பவர்கள் அந்த இடத்தைப் புரிந்துகொண்டால் அதைக் காக்க முன்வருவார்கள் என்பது அவரது நம்பிக்கை. அதனால் அறிவியலாளர்களையும் கூட்டிக்கொண்டுதான் பயணம் நடத்தினார். இதற்கென்றே 1969இல் அவர் ஒரு கப்பலைக் கட்டினார். பல கைகள் மாறி, எக்ஸ்புளோரர் என்ற பெயரோடு ஓடிக்கொண்டிருந்த அதே கப்பல், 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. படகுகளில் காத்திருந்த 154 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்பே, 2011இல், அந்தக் கடலில் கனரக எண்ணெயைக் கப்பல்கள் எடுத்துச்செல்வதும் எரிப்பதும் தடை செய்யப்பட்டுவிட்டது. மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டே கேட்ட இந்த வரலாறு ஒரு வரிகூட எனக்கு மறக்கவில்லை.

பீகிள் கால்வாயைத் தாண்டியதும் டிரேக் நீரிணை. அதைப் பற்றி எல்லோரும் வயிற்றைப் புரட்டும் கதைகளாகவே சொல்வார்கள். அலை உயரமாகத்தான் இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவர்கள் பலர். ஆனால் அந்தக் கடலுக்கு அதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. பூமியைச் சுற்றி எந்த நிலமும் குறுக்கிடாமல் நீர் ஓடக்கூடிய இடம் இந்தத் தென்கடல் மட்டுமே. உலகின் ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டும் நீரைப்போல நூறு மடங்குக்கும் அதிகமான நீர், அண்டார்க்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டே இருக்கிறது. வெப்பக் கடல்நீர் தெற்கே எளிதில் நுழைய முடியாதபடி தடுத்து, கண்டத்தைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதில் அந்த ஓட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நான் கற்பித்த அதே நீரோட்டத்தின் மேல், தரையில் திருகி இறுக்கிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அதைப் பற்றிய பாடத்தைக் கேட்டேன்.

பறவையியலாளர் அரங்குக்குள் வகுப்பு எடுக்கவே இல்லை. கப்பலின் பின்தளத்துக்கு எங்களை வரச்சொன்னார். அலையும் அல்பட்ரோஸ் ஒன்று கப்பலின் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதன் இறக்கைகளை விரித்தால் மூன்றரை மீட்டர் வரை இருக்கும். எல்லோரும் கேமராவைத் தூக்கினோம். “படம் பிறகு எடுக்கலாம். அது எப்போது இறக்கை அடிக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள்” என்றார். எண்ண எதுவுமே இல்லை. அலையின் மேற்பரப்பை ஒட்டிக் காற்று மெதுவாக வீசும். சில மீட்டர் மேலே வேகமாக வீசும். பறவை காற்றை எதிர்த்து மேலேறி, உச்சியில் திரும்பி, காற்றோடு சரிந்து இறங்குகிறது. அந்த வேக வேறுபாட்டிலிருந்தே பறப்பதற்கான ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. ஏறுவது, திரும்புவது, இறங்குவது என்று அவர் சொல்லச் சொல்ல, அதுவரை வெறும் அழகாக இருந்த பறத்தல் எனக்கு ஒரு வாக்கியம்போலப் படிக்கக் கிடைத்தது. நீண்ட தூண்டில் கயிறுகளில் மாட்டி இந்தப் பறவைகள் செத்துக்கொண்டிருந்த காலத்தையும், இரவில் மட்டும் கயிறு இறக்குவது, பறவைகளை விரட்டும் நாடாக்களைக் கட்டுவது போன்ற எளிய முறைகளால் தென்கடலில் அந்தச் சாவுகள் பெருமளவு குறைந்ததையும் அங்கேயே சொன்னார். மீன்பிடி விதி என்ற வறண்ட சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தலைக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்தது.

அண்டார்க்டிகாவின் எல்லையைக் கடந்ததை ஒரு திரையில்தான் பார்த்தோம். கடல்நீரின் வெப்பநிலையைக் காட்டும் கோடு ஓர் இரவில் சட்டென்று கீழே இறங்கியது. வடக்கிலிருந்து வரும் நீரும் தெற்கின் குளிர்நீரும் சந்திக்கும் ‘துருவ முகப்பு’ என்ற கோடு அது. காலையில் கப்பலைச் சுற்றி மூடுபனி. நிலத்தைக் காண்பதற்கு வெகு முன்பே உயிர்களின் பட்டியல் மாறிவிடும் என்றார்கள், அப்படியே ஆனது.

அன்று பிற்பகல் நடந்தது பயணத்தின் மிக முக்கியமான வகுப்பு என்பேன். மேசைகளில் தூசி உறிஞ்சும் கருவிகள், ஊசிகள், இடுக்கிகள். நாங்கள் கரைக்கு அணியப்போகும் ஒவ்வொரு உடையும், பையும், முக்காலியும் அங்கே வர வேண்டும். தையல் மடிப்புகளிலும் வெல்க்ரோ பட்டைகளிலும் ஒட்டியிருக்கும் விதைகளையும் மண்ணையும் எடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற செவிலியரான என் அறைத்தோழியின் பையின் அடித்தையலில் ஒரு புல்விதை அகப்பட்டது. வழிகாட்டி அதை வெள்ளைத் தாளில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். கிங் ஜார்ஜ் தீவில் உள்ள போலந்து ஆய்வு நிலையத்தைச் சுற்றி, மனிதர்களோடு வந்த சாதாரணப் புல்வகை ஒன்று வேர்பிடித்து, அதை அகற்ற ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு வருகிறார்கள். அண்டார்க்டிகாவில் இயல்பாக வளரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு. அந்த இரண்டோடு போட்டிபோட ஒரு விதை போதும். தோழி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றவர்களின் பைகளையும் அவரே உட்கார்ந்து துழாவித் தந்தார்.

அடுத்தது பறவைக் காய்ச்சல். 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவில் கண்டறியப்பட்ட நோய், 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிக் தீபகற்பத்திலும் உறுதியானது. அதனால் கரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பையைத் தரையில் வைக்கவும் கூடாது. காலணி மட்டுமே தரையில் படலாம்; அதையும் ஏறும்போதும் இறங்கும்போதும் கிருமிநாசினியில் நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் வழிகாட்டிகள் முதலில் இறங்கிப் பறவைகளைப் பார்த்துவருவார்கள். நோயின் அறிகுறி தெரிந்தால் அன்று யாரும் இறங்குவதில்லை. பெரும் பணம் கட்டி வந்தவர்களிடம் ‘இன்று முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் அந்த வழிகாட்டிகளுக்கு இருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. அந்த அதிகாரத்தைத் தராத கப்பலில் ஏறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குவர்வில் தீவில் ஜென்டூ பென்குயின்களின் பெரிய குடியிருப்பு இருக்கிறது. படகு கரையை நெருங்கும் முன்பே வாடை வந்துவிடும். பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதுவாக நம்மிடம் வந்தால் அசையாமல் நிற்க வேண்டும். கூட்டிலிருந்து கடலுக்குப் போக அவை பனியில் மிதித்து மிதித்துத் தடம் போட்டிருக்கும். அந்தத் தடத்தைக் கடக்க நேர்ந்தால், வரும் பென்குயினுக்கே முதலில் வழி. நம் கால் ஆழமாகப் புதைந்து பள்ளம் விழுந்தால் பனியைத் தள்ளி அதை மூடிவிட்டே நகர வேண்டும். குட்டையான கால்களோடு நடக்கும் பறவை அந்தக் குழிக்குள் விழுந்தால் வெளியே வருவது கடினம். எனக்குப் பின்னால் வந்த இளம் வழிகாட்டி, வாயைத் திறக்காமல், எங்கள் குழிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தார். சிறிது நேரத்தில் நாங்களும் அதைச் செய்யத் தொடங்கிவிட்டோம்.

கடல் உயிரியல் வழிகாட்டி முதலில் காட்டியது எச்சத்தை. இளஞ்சிவப்பாக இருந்தால் பென்குயின் கிரில் என்ற சிறிய கடலுயிரைத் தின்றிருக்கிறது; வெளுப்பாக இருந்தால் மீன்; பச்சையாக இருந்தால் பட்டினி. இந்தச் சிவப்புக் கறை விண்வெளியிலிருந்தும் தெரிகிறது. செயற்கைக்கோள் படங்களில் கறையைப் பார்த்துத்தான் டேஞ்சர் தீவுகளில் பெரும் அடேலி பென்குயின் கூட்டம் இருப்பதைச் சந்தேகித்தார்கள். நேரில் போய் எண்ணியபோது ஏழரை லட்சம் இணைகள். இந்த முடிவு 2018இல் வெளியானது. செயற்கைக்கோள் வழி அறிதல் என்ற பாடத்துக்கு இனி நான் வேறு எடுத்துக்காட்டு தேட மாட்டேன்.

கிரில் என்பது ஆறு சென்டிமீட்டர் வரை வளரும் இறால் போன்ற உயிர். திமிங்கிலம், சீல், பென்குயின் எல்லாம் அதைத் தின்றே வாழ்கின்றன. அன்று மாலை கப்பலின் சிறிய ஆய்வறையில் நுண்ணோக்கியின் கீழே ஒன்றைப் பார்த்தோம். உடல் கண்ணாடிபோல இருந்ததால், அது கடைசியாகத் தின்ற பாசி வயிற்றில் பச்சையாகத் தெரிந்தது. குளிர்காலத்தில் இளம் கிரில்கள் கடற்பனியின் அடிப்பக்கத்தில் வளரும் பாசியைச் சுரண்டித் தின்று உயிர் பிழைக்கின்றன. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கடற்பனி உறைந்திருக்கும் காலம் குறைந்துவருகிறது. பனியை நம்பி வாழும் அடேலி பென்குயின்கள் அங்கே குறைகின்றன. திறந்த நீரை விரும்பும் ஜென்டூக்கள் தெற்கே பரவுகின்றன. ஆன்வர்ஸ் தீவுப் பகுதியில் 1970களின் நடுவில் சுமார் 15,000 அடேலி இணைகள் இருந்தன. இன்று அதில் மிகச் சிறு பகுதியே மிச்சம். காலையில் நாங்கள் கண்டு மகிழ்ந்த கூட்டம் பெருகுவதும், அருகிலேயே இன்னொரு கூட்டம் அழிவதும் ஒரே காரணத்தால் என்று வழிகாட்டி சொன்னபோது அரங்கில் ஒருவரும் பேசவில்லை.

பனியாறு ஆய்வாளருடன் போன படகுப் பயணத்தைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். பாரடைஸ் விரிகுடாவில், சுற்றிலும் பனியாறுகள் கடலில் இறங்கி நிற்கும் இடத்தில், அவர் எஞ்சினை நிறுத்தினார். நீரெங்கும் நொறுங்கிய பனித்துண்டுகள். அவற்றிலிருந்து எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல இடைவிடாமல் ஓர் ஒலி. பனி உருகும்போது, அதற்குள் அமுங்கிக் கிடந்த காற்றுக்குமிழ்கள் உடைகிற ஓசை அது. மேலே விழுந்த பனி ஆண்டுதோறும் அமுங்கி இறுகிக் கட்டியாகும்போது, இடையில் இருந்த காற்றும் சிறைப்படுகிறது. அவர் ஒரு துண்டைத் தூக்கி எங்கள் கையுறைகளில் ஒவ்வொருவருக்கும் தந்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் பெய்த பனி, அந்தக் காலத்துக் காற்றோடு. பிறகு அதைக் கடலிலேயே விட்டார்.

அங்கிருந்துதான் அவர் பேச்சு, பனியைத் துளையிட்டு எடுக்கும் தூண்களுக்குப் போனது. கண்டத்தின் உட்புறத்தில், டோம் சி என்ற இடத்தில், ஐரோப்பிய ஆய்வாளர்கள் துளையிட்டு எடுத்த பனித்தூணில் 8 லட்சம் ஆண்டுகளின் காற்று அடுக்கடுக்காக இருந்தது. 2025 ஜனவரியில், அதற்கு அருகே இன்னொரு துளை 2,800 மீட்டர் ஆழம் வரை சென்று அடிப்பாறையைத் தொட்டது. அந்தப் பனி 12 லட்சம் ஆண்டுகள் பழமையானது என்று கணித்திருக்கிறார்கள். கரியமில வாயுவின் அளவு அந்த 8 லட்சம் ஆண்டுகளில் எப்போதும் இன்றைய அளவுக்கு வந்ததில்லை என்று நமக்குத் தெரிவது இந்தக் குமிழ்களால்தான். கையில் வெடித்துக்கொண்டிருந்த அதே வகைக் குமிழ்கள். இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் சான்று என்பது காதில் கேட்கக்கூடியது என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

நீலம் பற்றியும் சொன்னார். குமிழ்கள் நெருக்கி வெளியேற்றப்பட்ட அடர்ந்த பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ள, நீலம் மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது. அண்டார்க்டிகாவின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 58 மீட்டர் உயரும் என்ற கணக்கையும் சொல்லி, உடனே ஒரு திருத்தமும் சேர்த்தார்: முழுவதும் உருகுவது நாளைக்கே நடக்கும் காரியம் இல்லை, ஆனால் கடற்கரையில் வாழ்பவர்களுக்குச் சில பத்து சென்டிமீட்டர்களே போதிய துன்பம். அச்சுறுத்தாமலும் மழுப்பாமலும் பேசிய அந்த நிதானத்தை எல்லா அறிவியல் ஆசிரியர்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

நெக்கோ துறைமுகத்தில் அந்த நிதானத்தின் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். கரைக்கு எதிரே பனியாறு சுவராக நிற்கிறது. இறங்கியவுடன் கடற்கரையில் நிற்காமல் மேட்டுக்கு ஏறச் சொன்னார்கள். சற்று நேரத்தில் பெரிய துண்டு ஒன்று உடைந்து விழுந்தது. முதலில் காட்சி, பிறகு இடியோசை, அதற்கும் பிறகு அலை. நாங்கள் நின்றிருக்கக்கூடிய மணலை அந்த அலை முழுக்கக் கழுவிவிட்டுப் போனது.

நாங்கள் வெறும் பார்வையாளர்களாக இருந்துவிடாமல் வேலையும் கொடுத்தார்கள். ஃபியோர்டுஃபைட்டோ என்றொரு ஆய்வுத் திட்டம் இருக்கிறது. தீபகற்பத்தின் கடற்கழிகளுக்கு ஆய்வாளர்கள் ஆண்டு முழுதும் வந்துகொண்டிருக்க முடியாது; சுற்றுலாக் கப்பல்களோ பருவம் முழுக்க அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் பயணிகளே நீர் மாதிரி எடுக்கிறார்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தோம். இந்தத் தட்டு 1865இல் இத்தாலிய அறிவியலாளர் ஆஞ்சலோ செக்கி பயன்படுத்தியது, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. கயிறு என் கையில். பனியாற்றின் வாயருகே, அது அரைத்துக் கொண்டுவந்த பாறை மாவு கலந்திருந்ததால், தட்டு சீக்கிரமே மறைந்தது; விரிகுடாவின் வெளிப்பக்கம் போனபோது கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது. உப்பு, வெப்பநிலை அளக்கும் கருவியையும் இறக்கினோம். வலையில் கிடைத்ததை வடிகட்டினோம்.

எதற்காக இது? பனியாறு உருகி நன்னீர் மேலே பரவும்போது, டயாட்டம் என்ற பெரிய பாசிகளுக்குப் பதிலாகச் சிறிய கிரிப்டோஃபைட் பாசிகள் பெருகக்கூடும். கிரிலுக்கு இவ்வளவு சிறியவை சரியான தீனி இல்லை. அப்படியானால் பாசியில் தொடங்கும் மாற்றம் பென்குயின் வரை போகும். குளிரில் விரல் மரத்துப்போன நிலையில் நான் எழுதிய எண்கள் அந்தப் பெரிய கேள்விக்கான அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்ந்திருக்கின்றன. இந்தப் பயணத்தில் நான் மிகவும் மதிக்கும் நேரம் அதுதான்.

வில்ஹெல்மினா விரிகுடாவில் கூனல்முதுகுத் திமிங்கிலங்கள். அவை கீழே வட்டமிட்டுக் குமிழ்களால் வேலி போட்டு, கிரிலை நெருக்கி, வாயைத் திறந்தபடி மேலே எழுந்து வருவதைப் பார்த்தோம். ஆழத்துக்குப் போகுமுன் வாலைத் தூக்கும்போது அடிப்பக்கத்தைப் படமெடுக்கச் சொன்னார்கள். அதில் உள்ள கறுப்பு வெள்ளைக் குறிகளும் தழும்புகளும் விலங்குக்கு விலங்கு வேறு. ஹேப்பிவேல் என்ற தளத்தில் படத்தை ஏற்றினால் அதை மற்றப் படங்களோடு ஒப்பிட்டு, இதே விலங்கு முன்பு எங்கே காணப்பட்டது என்று சொல்கிறார்கள். திரும்பி வந்து சில வாரங்களில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. நான் படமெடுத்த திமிங்கிலம் கொலம்பியாவின் பசிபிக் கரையிலும் முன்பு பதிவாகியிருந்தது. தீபகற்பத்தில் இரைதேடும் கூட்டம் குட்டி ஈன்றெடுக்க வெப்பக் கடலுக்குப் போகும் பாதை, இப்படிப் பலருடைய படங்களால் வரையப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தத் திமிங்கிலங்கள் இன்று அங்கே இருப்பதே பெரிய செய்தி என்பதை டிசெப்ஷன் தீவில்தான் உணர்ந்தேன். அது ஒரு எரிமலையின் வாய். நடுவே கடல் புகுந்திருக்கிறது. குறுகிய வாயில் வழியாகக் கப்பல் உள்ளே போகிறது. கருஞ்சாம்பல் கரையில் துருப்பிடித்த கொதிகலன்களும் எண்ணெய்த் தொட்டிகளும் நிற்கின்றன. நோர்வே நாட்டவர் நடத்திய திமிங்கில எண்ணெய் ஆலை அது, 1931இல் கைவிடப்பட்டது. 1960களின் இறுதியில் எரிமலை சீறியபோது பாதி புதைந்தது. 20ஆம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என்று வரலாற்று வழிகாட்டி சொன்னார். விளக்குக்கும் சவுக்காரத்துக்கும் மார்கரினுக்குமான எண்ணெய். கூனல்முதுகுத் திமிங்கிலங்களைத் தென்கடலில் வேட்டையாடுவது 1963இல் தடைசெய்யப்பட்டது. அதன் பிறகும் களவாக வேட்டை நடந்தது. அவை மீண்டுவர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு தடை உண்மையிலேயே பலன் தந்ததை, மூச்சுவிடும் ஓசையோடு படகுக்குப் பக்கத்திலேயே கண்டிருந்ததால், அந்தத் துருப்பிடித்த தொட்டிகளின் முன் நிற்க முடிந்தது.

போர்ட் லாக்ராயில் பழைய பிரிட்டிஷ் தளம் இருக்கிறது. 1944இல் போர்க்கால நடவடிக்கையாக அமைத்தது. இன்று அருங்காட்சியகமும் அஞ்சலகமும். எல்லோரும் அஞ்சலட்டை எழுதுவதில் மும்முரமாக இருந்தார்கள். எனக்கு அங்கே பிடித்தது வேறொன்று. அந்தச் சின்னஞ்சிறு தீவின் ஒரு பகுதியில் மட்டுமே பயணிகளை விடுகிறார்கள்; மறுபகுதிக்கு யாரும் போகக் கூடாது. இரண்டு பக்கத்திலும் ஜென்டூக்களின் கூடுகளையும் குஞ்சுகளையும் ஆண்டுதோறும் எண்ணி ஒப்பிடுகிறார்கள். மனிதர் வருவதால் தீங்கு உண்டா என்ற கேள்வியை நிலத்தின் மேலேயே கோடு கிழித்துக் கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் கேள்வி கப்பலிலும் எழுந்தது. கடைசி இரவுகளில் ஒன்றில் வழிகாட்டிகளே அதை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வரத் தொடங்கிவிட்டார்கள். கப்பல் புகையின் கரித்துகள் பனியின் மேல் படிந்து, அதைக் கறுக்கச் செய்து, உருகலை விரைவுபடுத்துகிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, ஒவ்வொரு பயணியின் வருகையும் சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகக் காரணமாகிறது என்று கணக்கிட்டது. விமானப் பயணத்தின் புகை தனி. லிண்ட்பிளாடின் நம்பிக்கை, அதாவது பார்த்தவர்கள் காவலர்கள் ஆவார்கள் என்பது, இந்தக் கணக்குக்கு ஈடாகுமா என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொருவரும் வேறு வேறு பதில் சொன்னார்கள். பனியாறு ஆய்வாளர், திரும்பிப் போய் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே தன்னால் பதில் சொல்ல முடியும் என்றார்.

என் பதில் இது. நான் இன்னொரு முறை போக மாட்டேன். ஒரு முறை போதும். அந்த ஒரு முறையை முழுக்கப் பயன்படுத்த வேண்டும். இப்போது பள்ளிகளுக்குப் போய் அந்தப் பனி வெடிக்கும் ஒலிப்பதிவையும், செக்கித் தட்டையும், கிரில் படங்களையும் காட்டிப் பாடம் நடத்துகிறேன். போகாமலே கற்கவும் முடியும். ஹேப்பிவேல் தளத்தில் அடையாளம் காணப்பட்ட திமிங்கிலங்களின் பாதையை யாரும் பார்க்கலாம்.

இதற்குப் பிறகும் போக விரும்புகிறவர்கள் பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் சில கேள்விகளைக் கேளுங்கள். வழிகாட்டிகள் எத்தனை பேர், என்ன படித்தவர்கள், முன்பு எத்தனை பருவம் துருவத்தில் பணி செய்தவர்கள்? எந்த ஆய்வுத் திட்டத்துக்குத் தரவு சேகரிக்கிறீர்கள்? திமிங்கிலங்கள் மிகுந்த பகுதிகளில் கப்பலை மணிக்கு 10 கடல்மைல் வேகத்துக்குள் ஓட்டுகிறீர்களா? நல்ல நிறுவனம் இவற்றுக்கு மகிழ்ச்சியோடு, விவரமாகப் பதில் எழுதும்.

பருவத்தையும் கற்க விரும்புவதற்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கலாம். நவம்பரில் பனி புதிதாக, மிதிபடாமல் இருக்கும்; பென்குயின்கள் கூடு கட்டக் கல் சேர்க்கும். டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரி வரை குஞ்சுகள். திமிங்கிலங்களுக்காகப் போகிறவர்கள் பிப்ரவரி பிற்பகுதியிலோ மார்ச்சிலோ போக வேண்டும். அப்போது பனி அழுக்காகவும் கரை சேறாகவும் இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். இருநோக்கியை ஒருவருக்கு ஒன்றாக எடுத்துச்செல்லுங்கள். இருவருக்கு ஒன்று என்றால், பறவை இருக்கும்போது அது மற்றவர் கையில்தான் இருக்கும்.